ஹோம் ஹெல்த் நர்ஸ் வேலைக்குப் போகலாமா?

மதுரையில் இரண்டு வருஷம் வார்டு பார்த்துவிட்டு, கல்யாணமாகி ஹூஸ்டன் வந்து, இங்கே நர்ஸ் லைசென்ஸுக்கான என்கிளெக்ஸ் தேர்வையும் முடித்துவிட்டாய். ஒரு ஹோம் ஹெல்த் ஏஜென்சி விசிட்டுக்கு இவ்வளவு என்று கூப்பிடுகிறது, வீடு வீடாகத் தனியே போக பயமாக இருக்கிறது, சேரலாமா அக்கா என்று கேட்டிருந்தாய். தாராளமாகச் சேரலாம். ஆனால் கையெழுத்துப் போடும் முன், எத்தனை வாரம் அனுபவமுள்ள ஒரு நர்ஸோடு சேர்த்து அனுப்புவார்கள் என்று கேட்டுவிடு. இரண்டு நாள் கூட வருவோம், அப்புறம் நீயே பார்த்துக்கொள் என்றால் வேண்டாம். ஹூஸ்டனில் ஏஜென்சிக்கா பஞ்சம்?

நான் அப்படி ஓர் இடத்தில்தான் மாட்டினேன். மூன்றாவது வாரம், ஒரு பெரியவருக்கு முதுகுக்குக் கீழே படுக்கைப் புண், வூண்ட் வேக், அதாவது புண்ணிலிருந்து நீரை உறிஞ்சும் மெஷினின் கட்டு, அதை மாற்ற வேண்டும். ஃபோம் வெட்டி வைத்து, மேலே பிளாஸ்டிக் ஒட்டி, மெஷினின் உறிஞ்சும் அழுத்தத்தை 125-இல் வைத்து ஓடவிட்டால் லீக் அலாரம். பிரித்து ஒட்டினேன், மறுபடியும் அலாரம். ஒரு நாளில் 2 மணி நேரத்துக்கு மேல் மெஷின் நின்றிருந்தால் ஃபோமை எடுத்துவிட்டு ஈரக் காஸ் வைக்க வேண்டும் என்பது தெரியும், ஆனால் கை நடுங்குகிறது, சூப்பர்வைசர் போனை எடுக்கவில்லை. கடைசியில் பெரியவரின் மனைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்து, போன நர்ஸ் இந்த மடிப்பில் முதலில் ஒரு துண்டு ஒட்டுவாள் என்று விரலால் காட்டினார். ஒட்டினேன், அலாரம் நின்றது. காருக்கு வந்து பத்து நிமிஷம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

புண் கட்டுவதெல்லாம் பழகிவிடும், அதைவிடக் கவனம் வேண்டியது மருந்தில். முதல் விசிட்டில் வீட்டிலுள்ள மருந்து எல்லாவற்றையும் சாப்பாட்டு மேஜைக்குக் கொண்டுவரச் சொல், அலமாரி, கைப்பை, தலையணைக்குப் பக்கம் எதையும் விடாதே. ஆஸ்பத்திரி கொடுத்த பாட்டிலில் ஃப்யூரோசமைடு, பழைய டாக்டர் கொடுத்ததில் லாசிக்ஸ், இரண்டும் நீர் பிரிய வைக்கும் ஒரே மருந்து என்று தெரியாமல் தினமும் இரண்டையும் விழுங்கிவிட்டு, எழுந்தால் தலை சுற்றுகிறது என்றார் ஒரு தாத்தா. அங்கிருந்தே டாக்டர் ஆபீசுக்குப் போன் போட்டேன். நம் ஊரில் டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்வரை ஓரமாக நிற்போமே, அந்தப் பழக்கம் இங்கே உதவாது. பிபி இவ்வளவு, இது நடந்தது, எனக்கு இந்த ஆர்டர் வேண்டும் என்று நேராகச் சொல்ல வேண்டும். முதல் மாதம் நான் தாளில் எழுதி வைத்துப் படித்தேன், வெட்கமெல்லாம் பார்க்கவில்லை.

அடுத்த தலைவலி எழுத்து வேலை. மெடிகேர், அதாவது முக்கியமாக முதியவர்களுக்கான அரசு இன்சூரன்ஸ் கேஸ் என்றால் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த 48 மணி நேரத்துக்குள் முதல் விசிட், ஓயேசிஸ் என்று ஒரு நீள மதிப்பீட்டுப் படிவம் கேஸ் தொடங்கிய 5 நாளுக்குள், 60 நாளுக்கு ஒருமுறை கவனிப்பு இன்னும் தேவை என்று மறுபடி டாக்டர் சான்று. நோயாளி ஹோம்பவுண்ட், அதாவது வெளியே போவதே பெரும்பாடு என்ற நிலையில் இருக்க வேண்டும். டாக்டரிடமோ சர்ச்சுக்கோ போய்வந்தால் பிரச்சினை இல்லை, தினமும் தானே காரோட்டிக் கடைக்குப் போகிறேன் என்றால் ஆபீசுக்குச் சொல்லிவிடு, மறைத்து எழுதாதே, உன் லைசென்ஸ். இவ்வளவையும் ராத்திரி வீட்டில் உட்கார்ந்து டைப் செய்ய வேண்டியிருக்கும், அதற்குத் தனிக் காசு பெரும்பாலும் கிடையாது. அதனால் முதல் விசிட்டுக்குத் தனி ரேட் உண்டா, மைலுக்கு எவ்வளவு, நோயாளி வீட்டில் கதவைத் திறக்காவிட்டால் அந்த விசிட்டுக்குக் காசு உண்டா, மூன்றையும் எழுத்தில் வாங்கு.

அப்புறம் சில்லறை விஷயம். ஹூஸ்டன் வெயிலில் குளுக்கோமீட்டர் ஸ்ட்ரிப்பை கார் டிக்கியில் விட்டுவிடாதே, கெட்டுப்போகும். பையைத் தரையில் வைக்காதே, அடியில் ஒரு தாள் விரி. கிளம்பும் முன் போன் செய்து நாயை அறையில் அடைக்கச் சொல், "கடிக்காது" என்று சொன்ன நாய்தான் என் பேண்டைக் கிழித்தது.

ஏஜென்சியிடம் அந்த மூன்று காசுக் கேள்விகளையும் கேட்டுவிட்டு எழுது. விசிட்டுக்குச் சொன்ன தொகையை மணிக்கணக்காக மாற்றிப் பார்க்கலாம்.