எம்.எஸ். வந்தால் மரபணு மாறிவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 36. மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) நோய்க்காக இன்டர்ஃபெரான் பீட்டா ஊசி போட்டுக்கொள்கிறேன். இந்நோயாளிகளின் ரத்தத்தில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் மாறியிருப்பதாகப் படித்ததிலிருந்து தூக்கமில்லை. என் 9 வயது மகளுக்கும் இது வருமா? இருவரும் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாமா?

பதில்: நீங்கள் படித்தது பொய்யல்ல, அரைகுறை. மாறியிருப்பவை மரபணுக்கள் அல்ல, அவற்றின் வெளிப்பாடு, அதாவது அவை இயங்கும் அளவு. நம் செல்கள் அனைத்திலும் ஏறக்குறைய ஒரே மரபணுத் தொகுதிதான் இருக்கிறது. அதில் எதை எவ்வளவு இயக்குவது என்பதைச் செல்கள் தேவைக்கேற்பக் கூட்டும், குறைக்கும். சாதாரண சளிக்காய்ச்சலில்கூட வெள்ளை அணுக்களில் இது நடந்து, பிறகு அடங்கிவிடும். மகளுக்கு நீங்கள் கொடுத்தது மரபணுக்களைத்தான். உங்கள் வெள்ளை அணுக்களின் இன்றைய பரபரப்பை அல்ல.

உங்கள் ஊசியையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்டர்ஃபெரான் என்பது வைரஸ் தாக்கும்போது நம் உடலே சுரக்கும் புரதம். போட்ட அன்றிரவு காய்ச்சலும் உடம்பு வலியும் வருமே, அந்நேரத்தில் எம்.எக்ஸ்.1 முதலான, வைரஸை எதிர்க்கும் மரபணுக்கள் உங்கள் வெள்ளை அணுக்களில் பல மடங்கு இயங்கிக்கொண்டிருக்கும். மறுநாள் காலையில் எடுத்த உங்கள் ரத்தத்தை, மருந்தே தொடங்காத ஒருவரின் ரத்தத்தோடு ஒப்பிட்டால் மாற்றங்களின் பட்டியல் நீளத்தான் செய்யும். அதில் நோயின் பங்கு எது, மருந்தின் பங்கு எது என்று பிரிப்பதுதான் ஆய்வாளர்களுக்குத் தலைவலி. ஆனால் எம்.எக்ஸ்.1 அளவால் ஒரு பயன் உண்டு. சிலருக்கு நாளடைவில் இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்பொருள்கள் உருவாகும். அப்போது ஊசி போட்டாலும் அந்த அளவு ஏறாது. மருந்து வீணாகிறது என்பதை அதை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

நோயைக் கண்டறிய இத்தகைய ரத்தப் பரிசோதனை உதவாது. நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறை அரிக்கப்படுவது மூளையிலும் தண்டுவடத்திலும்; கையில் எடுக்கும் ரத்தம் அங்கு நடப்பதை முழுதாகக் காட்டுவதில்லை. இன்றும் நோயை உறுதிசெய்வது அறிகுறிகள், எம்.ஆர்.ஐ., தேவைப்பட்டால் தண்டுவட நீர்ப் பரிசோதனை ஆகியவைதான்.

மகளைப் பற்றி: இந்நோயோடு தொடர்புள்ள மரபணு வேறுபாடுகள் 200க்கு மேல் தெரியவந்துள்ளன. பெரும்பாலானவை தனித்தனியே அற்பமானவை. அவற்றில் வலுவான, நோய் எதிர்ப்பு சார்ந்த எச்.எல்.ஏ. மரபணு வேறுபாடுகூட ஆபத்தைச் சுமார் மூன்று மடங்காக்குகிறது, அவ்வளவுதான். அது இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. ஒரே கருமுட்டையிலிருந்து உருவாகி, ஒரே மரபணுக்களைக் கொண்ட இரட்டையரில் ஒருவருக்கு நோய் இருந்தால் மற்றவருக்கு வருவது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். தாய்க்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு, மேலைநாட்டுக் கணக்குப்படி, நூற்றுக்கு இரண்டு மூன்று. ஆகவே அவளுக்குப் பரிசோதனை வேண்டாம். பயத்தைத் தவிர அது எதையும் தராது. வீட்டில் யாரும் புகைக்காமலும், அவள் எடை கூடாமலும், வைட்டமின் டி குறையாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊசியை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். காய்ச்சல் தொல்லை தந்தால், படுக்கப்போகும் முன் ஊசி போட்டு, உடன் பாராசிட்டமால் எடுக்கலாமா என்று உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். கல்லீரல், ரத்த அணுப் பரிசோதனைகளைத் தள்ளிப்போட்டிருந்தால் அவற்றை முதலில் முடியுங்கள்.