169.254 எனத் தொடங்கும் முகவரி பற்றி

வணக்கம் ஐயா. பினாங்கு ஆயர் ஈத்தாம் வீட்டில் கைப்பேசிகளுக்கு வைஃபை ஒழுங்காகக் கிடைத்தாலும், கேபிள் வழி இணைத்த மேசைக்கணினியில் மட்டும் இணையம் வரவில்லை என்றும், அதன் ஐபி முகவரி, அதாவது வலையமைப்பில் அக்கணினியை அடையாளம் காட்டும் எண், 169.254 எனத் தொடங்குகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த எண்ணிலேயே பாதி விடை இருக்கிறது. வீட்டுக்குள் இணையத்தைப் பகிர்ந்தளிக்கும் பெட்டியான ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காதபோது விண்டோஸ் தானாகவே சூட்டிக்கொள்ளும் முகவரி அது. கைப்பேசிகளில் இணையம் வருவதால், சேவை நிறுவனத்தை அழைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

கேபிளைக் கழற்றி, 'கிளிக்' என்று கேட்கும்வரை மீண்டும் செருகி, துளையருகே சிறுவிளக்கு எரிகிறதா என்று பாருங்கள். ஜெலுத்தோங்கில் என் வீட்டுக் கேபிளின் பிளாஸ்டிக் நாக்கு ஒடிந்திருந்ததால், மேசையைத் துடைக்கும்போதெல்லாம் இணைப்பு நழுவியது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. விளக்கு எரிந்தும் எண் மாறாவிட்டால், ரவுட்டரின் வேறொரு துளையில் செருகி, ரவுட்டர், கணினி இரண்டையும் அணைத்து மீண்டும் போடுங்கள்.

ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைத்து, எண் 192.168 என மாறிய பிறகும் பக்கங்கள் திறக்காமல், கூகுளின் 8.8.8.8 எண்ணுக்கு அனுப்பும் பிங்குக்கு (இணைப்பைச் சோதிக்கும் சிறு செய்தி) மட்டும் பதில் வந்தால், தளப் பெயர்களை ஐபி எண்களாக மாற்றித் தரும் டிஎன்எஸ் அமைப்பைச் சரிபார்க்க வேண்டும்.