டர்பனில் வீட்டுக்குப் பின்னால் மர டெக் (உட்காருவதற்கான பலகைத் தளம்) போடப் போகிறோம். கான்ட்ராக்டரிடம் வேலையைக் கொடுக்கும்போது எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

ஃபீனிக்ஸில் இருக்கிறீர்கள், பின்பக்கம் சரிவு, இரண்டு கொட்டேஷன் கையில் இருக்கிறது, ஒருவர் பைன் மரம் என்கிறார், இன்னொருவர் பலாவ் மரம் என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பிற்பாடு பராமரிப்பு எப்படி, சில வருடம் கழித்துப் பலகையை மாற்றவோ பெரிதாக்கவோ முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

எங்கள் வீடு சாட்ஸ்வொர்த்தில், மேட்டில் இருக்கிறது. பின்கதவைத் திறந்தால் இரண்டு படி, அப்புறம் நேரே சரிவுதான். டெக் வந்த பிறகுதான் தீபாவளிக்கு வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார முடிந்தது. அதனால் தாராளமாகப் போடுங்கள். ஆனால் மேலே எந்த மரம் என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். முதலில் அடியில் என்ன வரப்போகிறது என்று கேளுங்கள்.

மேல்பலகை ஒன்று கெட்டால் அதை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம். அடியில் நிற்கும் கால்களும் உத்தரமும் கெட்டால் மொத்தத்தையும் பிரித்தாக வேண்டும். எங்களுக்கு வேலை செய்த அண்ணன் பலகை அடிப்பதற்கு முன்னால் கூப்பிட்டார். “தம்பி, இப்பவே இறங்கிப் பாத்துக்குங்க, நாளைக்கு மூடிருவேன்” என்றார். அப்படிக் கூப்பிடுகிற ஆள் கிடைத்தால் விடாதீர்கள். கூப்பிடாவிட்டால் நீங்களே, மூடும் முன் ஒருமுறை பார்க்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

என்ன பார்ப்பது? அழுகாமலும் கரையான் அரிக்காமலும் இருக்க மருந்தேற்றிய பைன் மரத்தில் முத்திரையோ சின்ன அட்டையோ இருக்கும். அதில் எச் 2, எச் 3, எச் 4 என்று வகுப்பு போட்டிருப்பார்கள். எச் 2 வீட்டுக்குள் கூரைக்கு. வெயில் மழையில், ஆனால் மண்ணைத் தொடாமல் நிற்பதற்கு எச் 3. மண்ணுக்குள் இறங்கும் கால்களுக்கு எச் 4. விலை குறைவான கொட்டேஷன் என்றால் இந்த வகுப்பு எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டர்பன் ஈரத்துக்கும் கரையானுக்கும் எச் 2 தாங்காது.

மருந்து மரத்தின் நடுப்பகுதி வரை முழுதாக ஏறுவதில்லை. அதனால் அறுத்த முனையை மண்ணுக்குள் விடக்கூடாது, அது மேல்பக்கம்தான் வர வேண்டும். அங்கேயும் மருந்து பூச வேண்டும். காலைச் சுற்றிப் போடும் கான்கிரீட் மண் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வந்து, நீர் வெளியே வழிகிற மாதிரிச் சாய்ந்திருக்க வேண்டும். குழியாக விட்டால் தண்ணீர் காலைச் சுற்றித் தேங்கி, அந்த இடத்தில்தான் முதலில் அழுகும்.

ஸ்க்ரூவையும் கேளுங்கள். இந்த மருந்தில் இருக்கும் செம்பு சாதாரண இரும்பை அரித்துவிடும். ஃபீனிக்ஸுக்கு நல்ல கால்வனைஸ்டு (துத்தநாகம் பூசியது) அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போதும். ப்ளஃப், உம்ஷ்லாங்கா மாதிரிக் கடற்காற்று நேராக அடிக்கிற இடமென்றால் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். வேலை முடிந்ததும் பச்சை நிறத் துண்டுக் கட்டைகள் மிஞ்சும். ஞாயிற்றுக்கிழமை யாராவது அதை எடுத்து பிராய் (இறைச்சி சுடும்) அடுப்பில் போடுவார்கள். போடவே கூடாது. அந்த மருந்தில் ஆர்சனிக் இருக்கிறது, புகையும் சாம்பலும் விஷம். ஒரு துண்டு விடாமல் கான்ட்ராக்டரையே எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

பைனா பலாவா என்றால், அடிச்சட்டம் மருந்தேற்றிய பைன், மேலே கையில் இருக்கும் பணத்துக்கு ஏற்றது என்பது என் கருத்து. பலாவ் தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வரும் கனமான மரம், நன்றாக உழைக்கும். முதல் மழைகளில் செம்பழுப்புச் சாயம் விடும், கீழே வெள்ளைச் சுவர் இருந்தால் கோடு கோடாக இறங்கிவிடும். கெட்டி மரம் என்பதால் துளையிட்டுத்தான் ஸ்க்ரூ ஏற்ற வேண்டும், இல்லையேல் பலகை முனை வெடிக்கும்.

ஆளைத் தேர்ந்தெடுக்க ஃபோட்டோவை நம்பாதீர்கள். ஐந்தாறு வருடத்துக்கு முன் அவர் போட்ட டெக் ஒன்றைக் காட்டச் சொல்லி, அடியில் குனிந்து பாருங்கள். பணத்தைப் பிரித்துக் கொடுங்கள்: பொருள் வந்ததும் ஒரு பங்கு, அடிச்சட்டம் பார்த்ததும் ஒரு பங்கு, முடிந்ததும் மீதி. வேலை தரமில்லாமல் போனால் 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சரிசெய்து தரவோ, நியாயமான பங்கைத் திருப்பித் தரவோ கேட்கலாம். அதற்கு எழுத்தில் இருப்பதுதான் துணை.

பிளான் விஷயத்தை எத்தெக்வினி நகராட்சியில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். ஒப்புதல் இல்லாத கட்டுமானம் வீட்டை விற்கும்போது தலைவலியாகும். தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்தால் கைப்பிடி குறைந்தது ஒரு மீட்டர் உயரம் வேண்டும், 100 மில்லிமீட்டர் பந்து புகுகிற இடைவெளி கூடாது. உங்கள் சரிவில் வெளி ஓரம் அநேகமாக அந்த உயரத்தைத் தாண்டும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் குறுக்குக் கம்பி வேண்டாம், ஏறிவிடுவார்கள். நெட்டுக்கம்பி போடச் சொல்லுங்கள்.

பராமரிப்புக்கு வார்னிஷ் வேண்டாம். வெயிலில் உரிந்தால் சுரண்டி எடுப்பது பெரும்பாடு. எண்ணெய் அப்படி இல்லை, கழுவிக் காயவைத்து மேலேயே பூசலாம். ஜூன், ஜூலையில் மழை குறைவு, அப்போது பூசுங்கள். இங்கே சூரியன் வடக்கே சாய்ந்து போகும், ஊரில் இருந்து வந்தவர்கள் இதை மறந்துவிடுகிறோம். வடக்குப் பார்த்த டெக் சீக்கிரம் காயும், வெயிலில் வெளுக்கும். வீட்டுக்குத் தெற்கே இருந்தால் குளிர்காலம் முழுக்க நிழல்தான், பாசி பிடித்து வழுக்கும், அடிக்கடி தேய்க்க வேண்டும். பிரஷர் வாஷரை நெருக்கிப் பிடித்தால் மரநார் கிழியும், பிரஷ் போதும்.

பிற்பாடு பலகை மாற்றுவது, பெரிதாக்குவது பற்றி: அப்போது முதலில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு அடியில் போங்கள். கால் மண்ணைச் சந்திக்கும் இடத்திலும் ஸ்க்ரூ இறங்கிய இடங்களிலும் அழுத்திக் குத்துங்கள். உறுதியாகத் தடுத்தால் மேல்பலகையை மட்டும் மாற்றலாம், முனை மெத்தென்று உள்ளே போனால் அந்தக் கட்டையைத் தொட்டே ஆக வேண்டும். கம்போசிட் பலகைக்கு (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது) மாறினால் அடிக்கட்டைகள் இன்னும் நெருக்கமாக வேண்டியிருக்கும், உற்பத்தியாளர் சொல்லும் இடைவெளியைக் கேளுங்கள். வெயிலில் அது வெறுங்காலைச் சுடும் என்பதையும் யோசியுங்கள். மேலே கூரை, ஜக்கூஸி (நீர்ச்சுழல் குளியல் தொட்டி) என்று ஆசை இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். 1,500 லிட்டர் தொட்டியில் தண்ணீர் மட்டுமே ஒன்றரை டன். அதற்கு இன்ஜினியர் கணக்குப் போட்டு, கால்களை இப்போதே அதற்கேற்ப நிறுத்த வேண்டும்.