கடை ஷட்டரில் ஸ்டிக்கர், சனிக்கிழமை ஊர்வலம்: பதில்

அண்ணா, ஷட்டரில் 'ஊருக்குத் திரும்பிப் போ' என்று ஸ்டிக்கர், சனிக்கிழமை குடியேறிகளுக்கு எதிரான ஊர்வலம் வேறு, கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் இருந்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

வெறும் விரலால் அதை உரிக்காதீர்கள். அடியில் பிளேடு வைத்து ஒட்டிய கதைகள் இங்கிலாந்தில் உண்டு. போட்டோ எடுங்கள், சிசிடிவி அழிவதற்குள் சேமியுங்கள், 101க்கு (போலீஸின் அவசரமில்லாத எண்) அடித்து 'ஹேட் க்ரைம்' (வெறுப்புக் குற்றம்) என்றே சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். வெறும் 'தொல்லை' என்றால் ஏட்டில் அப்படியே போய்விடும்.

குடியேறிகளுக்கு எதிரான கலவரங்கள் நடந்த 2024 ஆகஸ்டில், 7ஆம் தேதி லண்டனின் வால்தம்ஸ்டோவில் இருந்தேன். அங்கேயும் கலவரக் கும்பல் வரும் என்ற பயம். மதியமே ஹோ ஸ்ட்ரீட் கடைகளில் பலகை அடித்துக்கொண்டிருந்தார்கள். மாலையில் தெரு நிறைய ஆயிரக்கணக்கில் நின்றது அந்தக் கும்பலை எதிர்க்க வந்த கூட்டம்தான். அதற்கு ஒரு வாரம் முன்பு வடமேற்கு இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் கலவரக்காரர்கள் பள்ளிவாசல் சுவரை உடைத்தார்கள். மறுநாளே ஊர்க்காரர்கள் செங்கல்லோடு வந்து கட்டத் தொடங்கினார்கள்.

உங்கள் ஊரிலும் அப்படி ஆட்கள் இருப்பார்கள், கேட்க வேண்டும். இன்றைக்கே பக்கத்து முடிதிருத்தும் கடை, சிப்ஸ் கடை, சர்ச், கவுன்சிலர் என்று நேரில் போய் ஸ்டிக்கர் போட்டோவைக் காட்டுங்கள். நம் ஆட்களின் வாட்ஸ்அப் குழு போதாது, அங்கே பயம்தான் பெருகும். 'நாங்கள் வரி கட்டுகிறோம், படகில் அடைக்கலம் தேடி வருபவர்கள்தான் பிரச்சினை' என்ற பேச்சும் வேண்டாம். நம்மில் எத்தனை பேர் எப்படி வந்தோம்?

ஊர்வலம் உங்கள் தெரு வழியாக என்றால் அந்த இரண்டு மணி நேரம் மட்டும் ஷட்டரை இறக்குங்கள். பையனைத் தனியாகக் கடையில் விடாதீர்கள்.