ஜப்பானின் பழைய தெருப் படங்கள்: வாங்கும் முன் சில கேள்விகள்

விண்டேஜ் பிரிண்ட் என்றால் எந்த ஆண்டு வரை?

ஆண்டு முக்கியமில்லை, இடைவெளிதான் கணக்கு. படம் எடுத்த சில ஆண்டுகளுக்குள், பொதுவாக ஐந்துக்குள், போட்ட பிரிண்ட்தான் விண்டேஜ். ஜப்பானியப் புகைப்படக்காரர் டைடோ மொரியாமா 1971இல் மிசாவா நகரில் எடுத்த தெருநாய்ப் படத்துக்குப் பின்னாளில் போட்ட பிரிண்ட்கள் நிறைய உண்டு. அவை அசல்தான், விண்டேஜ் அல்ல. எடுத்த ஆண்டு, பிரிண்ட் போட்ட ஆண்டு இரண்டையும் கேளுங்கள். விற்பவர் மழுப்பினால் நகர்ந்துவிடுங்கள்.

1960களின் பிரிண்ட் ஒன்று கிடைக்கிறது. கையெழுத்து இல்லை, ஓரமெல்லாம் சிவப்புப் பென்சில் கோடு, மூலை மடங்கியிருக்கிறது. விட்டுவிடலாமா?

அவசரப்படாதீர்கள். அன்றைய டோக்கியோவில் பிரிண்டை விலை கொடுத்து வாங்க ஆளே அரிது. புகைப்படத்துக்கென்று ஸைட் ஃபோட்டோ சலோன் என்ற விற்பனைக் கேலரி வந்ததே 1978இல்தான். அதுவரை பிரிண்ட் பெரும்பாலும் அச்சுக்குப் போகிற சரக்கு. ‘கேமரா மைனிச்சி’ மாதிரி ஓர் இதழில் படம் வந்துவிட்டால் அதன் வேலை முடிந்தது. பத்திரமாக எடுத்துவைக்க யாருக்கும் தோன்றவில்லை. தகுமா நகாஹிரா என்ற புகைப்படக்காரர் 1973 வாக்கில் தன் நெகட்டிவ், பிரிண்ட்களில் பெரும்பகுதியை எரித்தே விட்டார்.

ஆகவே அந்தச் சிவப்புக் கோடு அழுக்கல்ல. படத்தை எங்கே வெட்டுவது என்று இதழாசிரியர் போட்ட குறியாக இருக்கலாம். படம் வெளியான இதழைத் தேடிப் பிடித்து, அச்சான படத்தின் விளிம்பு அந்தக் கோட்டில் நிற்கிறதா என்று பாருங்கள். பின்பக்கம் முத்திரை, அளவு எண் ஏதாவது இருந்தால் இன்னும் நல்லது. எல்லாம் பொருந்தினால், பிற்காலத்தில் கையெழுத்திட்டு விற்ற பளபள பிரிண்டைவிட நான் இதைத்தான் எடுப்பேன். மூலை மடிப்பைக் காட்டி விலையைக் குறைத்துக் கேளுங்கள்!

யு.வி. டார்ச் அடித்தால் உண்மை தெரியுமா?

பாதி தெரியும். பேப்பரை வெள்ளையாகக் காட்டும் ரசாயனம் போட்டோ பேப்பருக்கு வந்தது 1950களில். 1946 பிரிண்ட் என்று சொல்லப்படுவது நீலமாக ஒளிர்ந்தால் சந்தேகப்படுங்கள். 1968 படத்துக்கு இந்தச் சோதனையால் பயனில்லை. அதற்குப் பேப்பரின் முதுகைத் தடவிப் பாருங்கள். பிளாஸ்டிக் போல வழவழத்தால் சந்தேகப்படுங்கள்; பிளாஸ்டிக் பூசிய ஆர்.சி. பேப்பர் 1970களில்தான் பரவலானது.

படமே மங்கல், ஆட்டம், குருணை. பிரிண்ட் பழுதா?

இல்லை, ‘ப்ரோவோக்’ என்ற புகைப்படப் பத்திரிகை (1968-69, மூன்றே இதழ்கள்) நடத்திய கூட்டத்தின் பாணியே அது. பழுது என்றால் மஞ்சள் திட்டு. சரியாகக் கழுவாத பிரிண்டில் வரும். கருமையான இடங்களில் வெள்ளி மினுமினுப்பு இருந்தால் அது வயதின் அடையாளம், பயம் வேண்டாம்.

அவ்வளவு பணம் இல்லை, எங்கே தொடங்கலாம்?

பழைய இதழ்களிலிருந்து. இந்தப் புகைப்படக்காரர்களில் பலர் சுவருக்காக அல்ல, பக்கத்துக்காகவே படம் எடுத்தவர்கள். டோக்கியோவின் ஜிம்போச்சோ பழைய புத்தகக் கடைகளில் தேடலாம். அப்புறம், போட்டோ புத்தகம் வாங்கினால் அட்டையைச் சுற்றியுள்ள காகிதப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாவிட்டால் விலை இறங்கும். படிக்கத்தான் வாங்குகிறீர்கள் என்றால் உங்களுக்கு லாபம்.