இன்சார்ஜ் சிஸ்டர் திட்டுகிறார் என்று எம்.எஸ்சி. சேரலாமா?

மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்து மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. மெடிக்கல் வார்டு. வார்டு பொறுப்பில் இருக்கும் இன்சார்ஜ் சிஸ்டர் எல்லார் முன்னாலும் திட்டுகிறார், பிள்ளை தினமும் போனில் அழுகிறாள். "வேலையை விடச் சொல்லுங்க, எம்.எஸ்சி. சேர்த்துட்டா காலேஜ்ல டியூட்டர் ஆயிடலாம்" என்று சித்தப்பா நெருக்குகிறார். ஒட்டன்சத்திரத்திலிருந்து ஓர் அம்மாவின் கவலை இது.

அம்மா, முதல் சில மாதங்களில் அழாத ஸ்டாஃப் நர்ஸ் அபூர்வம். ஆறுதல் இதோடு போதும். சித்தப்பாவின் யோசனை நடக்காது. எம்.எஸ்சி. நர்சிங் சேர, பி.எஸ்சி.க்குப் பிறகு குறைந்தது ஓராண்டு பணி அனுபவம் கேட்கிறார்கள். இப்போது விட்டால் அந்தத் தகுதியும் வராது, சம்பளமும் நின்றுவிடும். படித்த கடனே அடையாதபோது இன்னும் இரண்டு வருடக் கட்டணத்தைத் தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். கடன் கட்டப்போவது சித்தப்பா இல்லை.

முதலில் திட்டு எதற்கு வருகிறது என்று பிரித்துப் பார்க்கட்டும். இரண்டு வாரம் தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். நோயாளி பெயர் அதில் வரவே கூடாது. புது நர்ஸ் வாங்கும் திட்டில் பெரும்பகுதி, டியூட்டி மாறும்போது நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் ஹேண்டோவரில்தான்: உள்ளே போன நீரையும் வெளியேறிய நீரையும் குறிக்கும் இன்டேக்-அவுட்புட் சார்ட்டில் கூட்டுத்தொகை இல்லை, ஊசி ஏறிய கை வீங்கியதைப் பார்க்கவில்லை, ரிப்போர்ட் வரவேண்டியதைச் சொல்லவில்லை. டியூட்டி மாறுவதற்கு இருபது நிமிடம் முன்பு கேஸ் ஷீட்டோடு ஒவ்வொரு கட்டிலாகப் போய்வந்தால் இதில் பாதி குறையும். எதற்கு அட்மிஷன், இந்த ஷிஃப்டில் என்ன மாறியது, எந்த டிரிப் ஓடுகிறது, என்ன பாக்கி என்று ஒரே வரிசையில் சொல்லிப் பழகட்டும். ரவுண்ட்ஸ் முடிந்து இன்சார்ஜ் உட்காரும்போது, "சிஸ்டர், அந்த சார்ட்டை ஒரு தடவை எழுதிக் காட்டுங்க" என்று கேட்பதில் மானக்குறைவு ஒன்றுமில்லை.

பணியக் கூடாத இடமும் உண்டு. கொடுக்காத மருந்தைக் கொடுத்ததாக எழுதச் சொன்னால் எழுதக் கூடாது. பொட்டாசியம் குளோரைடு, இன்சுலின், ஹெப்பாரின் மூன்றையும் எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இன்னொரு நர்ஸ் சரிபார்க்காமல் தொடக் கூடாது. பொட்டாசியத்தைக் கலக்காமல் நேராக ஏற்றினால் இதயம் நின்றுவிடும். கையெழுத்து உங்கள் மகளுடையது, பதிவு எண்ணும் அவளுடையது. சாதி சொல்லியோ உடலைச் சொல்லியோ ஏசினால் அந்த நோட்டோடு நர்சிங் சூப்பரின்டெண்டென்டிடம் எழுத்தில் புகார் தரட்டும். பாலியல் தொல்லையாக இருந்தால் 2013 சட்டப்படி மருத்துவமனையின் உள் புகார்க் குழுவிடம் மூன்று மாதத்துக்குள் எழுதித் தர வேண்டும்.

உங்கள் கடிதத்தின் நடுவில் மகள் சொன்னதாக ஒரு வரி: "முகம் பழகறதுக்குள்ள டிஸ்சார்ஜ் ஆகிப் போயிடறாங்கம்மா." அவள் மனம் எங்கே இருக்கிறது என்பது அந்த வரியில் தெரிகிறது. அதே மருத்துவமனையில், சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் யூனிட்டை யாரும் யோசிக்கவில்லை. அங்கே ஒரே நோயாளி வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வருவார், ஒவ்வொரு முறையும் சுமார் நாலு மணி நேரம் இருப்பார், வருடக்கணக்கில் வருவார். கற்பதற்கும் நிறைய இருக்கிறது: வந்ததும் எடை பார்த்து எவ்வளவு நீர் எடுப்பது என்று கணக்கிடுவது, ஊசி போடுவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த ஃபிஸ்டுலாவில் கை வைத்து அதிர்வு இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பது, தடித்த ஊசி இரண்டைச் சரியான இடைவெளியில் போடுவது. நீரை வேகமாக எடுத்தால் பாதியில் பிரஷர் இறங்கும், காலில் தசைப்பிடிப்பு வரும். மெஷின் அலாரத்துக்கு முன்பே நோயாளியின் கொட்டாவியிலும் வியர்வையிலும் அதைக் கண்டுபிடிப்பதுதான் நல்ல டயாலிசிஸ் நர்ஸின் திறமை. 2016-ல் பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டம் வந்தபின் மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும் இந்த வேலை தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள்.

ஆறு மாதம் முடிந்ததும் சூப்பரின்டெண்டென்டுக்கு இடமாற்றக் கடிதம் தரட்டும். நாலைந்து வரி போதும். ஆர்வத்தை மட்டும் எழுத வேண்டும். இன்சார்ஜ் பற்றிய புகாரை அதில் கலந்தால் இரண்டும் கெட்டுவிடும். முன்கூட்டியே ஒரு வாரம் அங்கே போஸ்டிங் கேட்டுப் பார்க்கலாம். அங்கும் ஓர் இன்சார்ஜ் இருப்பார். ஒரு நர்ஸுக்கு எத்தனை மெஷின், ரத்தம் வழியாகப் பரவும் ஹெபடைட்டிஸ் பி உள்ள நோயாளிக்குத் தனி மெஷின் இருக்கிறதா, ராத்திரி அவசரக் கூப்பிடு எப்படி என்று விசாரித்த பிறகு கடிதம் கொடுப்பது நல்லது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போடவில்லை என்றால் இப்போதே தொடங்க வேண்டும், ஏனென்றால் 0, 1, 6 மாதக் கணக்கில் மூன்று ஊசி. முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் நோய் எதிர்ப்பைக் காட்டும் ஆன்டிபாடி அளவு 10 mIU/mL-க்கு மேல் வந்திருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்க வேண்டும்.

மாற்றம் கிடைக்கவில்லை என்றால் ஒரு வருடத்தை அங்கேயே முடித்து, அனுபவச் சான்றிதழைக் கையில் வாங்கிக்கொண்டு வேறு டயாலிசிஸ் யூனிட்டுக்கு விண்ணப்பிக்கட்டும். அதற்கு முன்னால் எந்தக் கல்லூரிக்கும் முன்பணம் கட்டாதீர்கள்.