டிசைன் படிக்கட்டும், ஸ்டுடியோவுக்கு அவசரம் வேண்டாம்

கிராஃபிக் டிசைன்தான் படிப்பேன், படித்த கையோடு சொந்த ஸ்டுடியோ ஆரம்பிப்பேன் என்று உங்கள் மகள் பிடிவாதமாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அவள் கேட்பது ஒன்றல்ல, இரண்டு தொழில்கள். டிசைன் படிக்கத் தாராளமாகச் சரி சொல்லுங்கள். ஸ்டுடியோவுக்கு மட்டும் சில வருடங்கள் பொறுக்கச் சொல்லுங்கள்.

சிட்டிபேங்க் லோகோவை வடிவமைத்த பவுலா ஷெர் 1970-ல் கல்லூரிப் படிப்பை முடித்தார். முதலில் ஒரு பதிப்பகத்தில் சிறுவர் புத்தகங்களுக்குப் பக்கம் அமைக்கும் வேலை. அப்புறம் இசைத்தட்டு நிறுவனங்களில் உறை வடிவமைப்பு. ஒரு கூட்டாளியோடு சேர்ந்து ஸ்டுடியோ தொடங்கியது 1984-ல்தான். அவ்வளவு திறமைசாலிக்கே 14 வருடம் பிடித்தது. பொருளாதார மந்தம் வந்தபோது அதையும் விட்டு, 1991-ல் பெண்டகிராம் என்ற டிசைன் நிறுவனத்தில் பங்குதாரராகச் சேர்ந்தார். உங்கள் மகளும் அத்தனை வருடம் காத்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. நான்கைந்து வருடமாவது நல்ல ஸ்டுடியோ ஒன்றில் வேலை பார்க்கட்டும்.

அங்கே என்ன கிடைக்கும்? திரையில் பளிச்சென்று தெரிந்த நீலம் அச்சில் மங்கிப்போய் வரும். பின்னணி நிறத்தை வெட்டும் கோட்டைத் தாண்டி 3 மில்லிமீட்டர் கூடுதலாக நீட்டாததால், வெட்டும்போது அட்டையின் விளிம்பில் வெள்ளைக் கோடு விழும். ஆயிரக்கணக்கில் அடித்த பிரதிகள் வீணாகும். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் இப்படி நடந்தால் திட்டு விழும், அதோடு பாடமும் கிடைக்கும். சொந்த ஸ்டுடியோவில் நடந்தால் நஷ்டம் அவள் கைக்காசு.

ஸ்டுடியோ நடத்துகிறவருக்கு நாளின் பெரும்பகுதி டிசைனில் போவதில்லை. எஸ்டிமேட் போட வேண்டும், அட்வான்ஸ் வாங்க வேண்டும், எத்தனை கரெக்‌ஷன் இலவசம் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கிளையன்ட் பணம் தர மூன்று மாதம் இழுத்தாலும் ஊழியர் சம்பளம் மாதக் கடைசியில் போயாக வேண்டும். வருமானத்தில் பாதி ஒரே கிளையன்டிடமிருந்து வந்தால், அவர் விலகும் நாளில் ஸ்டுடியோவே ஆட்டம் காணும். வரைவதைக் குறைத்துக்கொண்டு இதையெல்லாம் பார்க்க அவளுக்கு உண்மையிலேயே விருப்பமா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்றால் அதில் குறை ஒன்றுமில்லை. கடைசிவரை நல்ல டிசைனராகவே இருப்பதும் முழுமையான வாழ்க்கைதான்.

வேலைக்கு எடுப்பவர்கள் சான்றிதழை விட போர்ட்ஃபோலியோவை, அதாவது செய்த வேலைகளின் தொகுப்பைத்தான் பார்ப்பார்கள். அதற்காக ஒரு மாணவி மாத்திரை அட்டையின் டிசைனைத் திருத்த எடுத்துக்கொள்கிறாள் என்று வையுங்கள். காலாவதித் தேதி ஓரத்தில் அழுத்தி அச்சாகியிருக்கிறது. இரண்டு மாத்திரையைக் கிழித்துக் கொடுத்தால் தேதியும் அதோடு போய்விடுகிறது. தேதி ஒவ்வொரு மாத்திரைக்குப் பின்னாலும் வரும்படி மாற்றுகிறாள். வயதானவர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்கிறாள், எழுத்து இன்னும் பெரிதாக வேண்டும் என்று தெரிந்ததும் திருத்துகிறாள். அழகான இருபது கற்பனை லோகோக்களை விட இந்த ஒரு வேலை அவளைப் பற்றி அதிகம் சொல்லும்.

ஏஐ வந்துவிட்டதே என்று பயப்படுகிறீர்கள். நியாயமான பயம். அவசரத்துக்கு ஒரு போஸ்டர், பேனர் என்ற அளவிலான வேலைகளை அது இப்போதே செய்கிறது. ஆனால் அந்த மாத்திரை அட்டையில் என்ன சிக்கல் என்று கண்டுபிடித்தது ஒரு மனிதரின் கவனம். அந்தக் கவனத்தை வளர்க்கிற படிப்பாகத் தேடுங்கள். மென்பொருள் மட்டும் சொல்லித்தரும் படிப்புக்குப் பெரிய தொகை கட்டாதீர்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன் கடைசி வருட மாணவர்களின் வேலைகளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருந்தால் வேறு இடம் பாருங்கள். அடுத்த முறை பேசும்போது மகளையும் அழைத்து வாருங்கள். அவள் செய்ததில் இரண்டு மூன்றை எடுத்து வரட்டும். முடித்த வடிவம் மட்டும் போதாது, அடித்துத் திருத்திய காகிதங்களும் வேண்டும்.